ஐந்து மணி வரை தோணி இல்லை

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை விடிந்தபோது சபீனாவின் வீட்டில் மூன்று பேரும் சந்தோசமாகத்தான் இருந்தார்கள். அதில் இரண்டு பேருடையதுதான் நேர்மையான சந்தோசம்.

முதலாவது முப்லிஹாவுடையது. பதினைந்து வயது. பாடசாலை விடுமுறை முடிவதற்குள் எங்கேயாவது கூட்டிப்போங்கள் என்று ஒரு மாதமாக நச்சரித்து, கடைசியில் முள்ளித்தீவைப் பிடித்துக்கொண்டாள். அப்பியாசக் கொப்பியில் நான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதியிருந்தாள். யார் யார் வருவது, என்ன சமைப்பது, எத்தனை பாய், தொழுவதற்கு எந்தப் பக்கம் நிழல், எல்லாம் அதில் இருந்தது.

வாப்பாவுக்கென்று தனியாக ஒரு பக்கம். இளநீர் கூடாது. மாம்பழம் கூடாது. வாழைப்பழம் கூடாது. தண்ணீர் நாள் முழுக்க இரண்டு கிளாஸ். நாக்கு வறண்டால் உறிஞ்ச பிளாஸ்க்கில் ஐஸ்கட்டி. ஒரு பிள்ளை எழுதவேண்டிய பட்டியலா இது என்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் சபீனாவுக்குத் தோன்றும்.

இரண்டாவது, அவளுடைய கணவன் றிப்ஷானின் சந்தோசம். அவனுடைய தம்பி அப்ஹாம் குடும்பத்தோடு தீவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டான். அது போதும் அவனுக்கு.

சபீனாவின் சந்தோசத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், கதைக்குள் இன்றைக்குத்தான் கால் வைப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை.

றிப்ஷான் ஒன்பது வருடம் வளைகுடாவில் கம்பி கட்டினான். உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினால் மேற்பார்வைக்காரன் ஏசுவான் என்று குடிக்காமலே கட்டினான். காத்தான்குடிக்குத் திரும்பி வந்தபோது இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டிருந்தன. இப்போது புதனும் சனியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான்கு மணித்தியாலம் படுத்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறான். இது நெடுநாளைக்குத் தாங்காது, கூடப் பிறந்தவர்கள் யாராவது ஒரு சிறுநீரகம் தந்தால் வைக்கலாம் என்று டொக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. சபீனாவின் இரத்தம் பொருந்தவில்லை. கூடப் பிறந்தவன் என்று இருப்பது அப்ஹாம் ஒருவன்தான்.

"எனக்குப் பதினெட்டு வரட்டும் உம்மா, நான் தாறன்" என்று ஒருநாள் முப்லிஹா மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். அன்றோடு சபீனாவின் நித்திரை போயிற்று. மூன்று வருடம் அவன் இருப்பானா என்பது ஒரு பயம். இருந்துவிட்டால் பிள்ளையின் வயிற்றைக் கீறவேண்டி வருமே என்பது அதைவிடப் பெரிய பயம்.

அப்ஹாம் கெட்டவனில்லை. காக்கா என்று அவன் கூப்பிடும் அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் ஏறாவூரிலிருந்து பறந்து வருவான். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் போதும், எழும்பிவிடுவான். ஹஜ்ஜுப் பெருநாளன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன், சபீனா தொண்டையைச் செருமியதும் மோட்டார் சைக்கிளைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று போனவன்தான், திரும்பவில்லை. ஒருமுறை பள்ளிவாசல் கேற்றில் வைத்து மறித்தாள். இஞ்சினை நிறுத்தாமலே நின்று, "சத்தத்துல ஒண்டும் விளங்குதில்ல மதினி, பிறகு கதைப்பம்" என்று போய்விட்டான். அந்த மோட்டார் சைக்கிள் மேல் சபீனாவுக்கு இருந்த வெறுப்பு ஒரு மனுசனின் மேல்கூட இருந்ததில்லை.

இந்த நேரத்தில்தான் மகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து சொன்னாள்: "உம்மா, முள்ளித்தீவுல வாகனமே இல்லயாம். பாலம் இல்ல, றோட்டு இல்ல, ஒரு சைக்கிள்கூட இல்லயாம்."

சபீனா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "எப்பிடி?" என்று திரும்பக் கேட்டாள்.

அவளுடைய சந்தோசம் அங்கேதான் பிறந்தது.

*

றிப்ஷானை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அதே ஓட்டோவில் ஆரையம்பதிக்குப் போனாள். தோணிக்காரர் ஜெயரூபன் வாவிக் கரையில் தோணியைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணன், நாளைக்கு முள்ளித்தீவுக்கு. பெரிய ஆக்கள் நாலு, புள்ளைகள் மூணு."

"காலம ஏழரைக்கு வந்திருங்க தங்கச்சி. எட்டேகாலுக்கு அங்க இறக்கிப்போடுவன். திரும்பி வாறதுதான் யோசிக்கோணும். பதினொரு மணிக்குப் பிறகு கச்சான் காத்து எழும்பும். இந்தக் கிழமை பேய்க் காத்து. ஆறு கொந்தளிச்சிதெண்டா நான் ஆக்கள ஏத்த மாட்டன்."

வாவியை அவர் ஆறு என்றுதான் சொன்னார். கரையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அது ஆறுதான்.

"எத்தின மணிக்கு அடங்கும்?"

"அஞ்சு மணி செல்லும்."

"அப்ப பதினொண்டுக்கும் அஞ்சுக்கும் இடையில அங்கயிருந்து ஆரும் வர ஏலாதா?"

"ஏலா."

"வேற தோணிக்காரர் ஆரும்?"

"ஒருத்தரும் இறக்க மாட்டான். பிடிவாதமா இறக்கினவன்ட தோணி போன வருசம் கவிழ்ந்தது."

சபீனாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஜெயரூபன் தார்த் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இதச் சொன்னா போற ஆக்கள் முகத்தச் சுளிப்பாங்க. நீங்க சிரிக்கிறீங்க."

"ஒண்டுமில்ல அண்ணன். ஆறுதலா இருந்திட்டு வரலாம்தானே."

பிறகு அவள் ஒரு நாற்காலி கொண்டுபோகலாமா, இறங்கும் இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வருமா, நிழல் எவ்வளவு தூரத்தில் என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டார்.

"இவருக்கு. கிட்னி. கிழமைக்கு ரெண்டுதரம் ரத்தம் கழுவுற."

ஜெயரூபன் வாவியைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. அந்த மனிசனுக்குப் பகல்ல திடீரெண்டு ஒண்டு எண்டா என்ன செய்வீங்க?"

 இத்தனை நாளும் அந்தத் தீவை அப்ஹாமின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்திருந்தாள். அவனால் ஓட முடியாது என்பதைப் பத்துத் தடவை நினைத்துப் பார்த்தவளுக்கு, தன் புருஷனையும் அங்கிருந்து தூக்கிவர முடியாது என்பது ஒரு தடவைகூட உறைக்கவில்லை. புதன்கிழமை டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, இதயமும் களைத்துவிட்டது, சிறுநீரகம் வைப்பதை இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்காதீர்கள் என்று சொன்னது வேறு ஞாபகத்துக்கு வந்தது. அதை அவள் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"இண்டைக்குக் கழுவினா ரெண்டு மூணு நாளைக்குத் தாங்கும் அண்ணன்" என்றாள்.

"நான் வேணுமெண்டா தோணியக் கட்டிப்போட்டு அங்கேயே நிக்கிறன். ஒரு உசிருக்கு ஒண்டெண்டா கரையோட கரையா கம்பால ஊண்டிக்கொண்டு வந்து சேத்துப்போடுவன். அதுக்குத் தனியாக் காசொண்டும் வேணாம்."

நல்ல மனுசன். கைகூப்பி வாங்கிக்கொள்ள வேண்டிய வார்த்தை அது. ஆனால் சபீனாவின் கண்ணுக்கு முன்னால் அந்தத் தோணி தீவுக் கரையில் கட்டிக் கிடந்தது. அப்ஹாம் எழும்பி, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஜெயரூபனின் தோளில் கை போட்டு, காற்றென்ன காற்று வாங்க அண்ணன் என்று அதில் ஏறிக்கொண்டிருந்தான்.

"வேணாம் அண்ணன். எங்கள இறக்கிப்போட்டு நீங்க திரும்பி வந்திருங்க. அஞ்சு மணிக்கு வந்தாக் காணும்."

இதை அவள் சொன்னாள். கதாநாயகி என்பதற்காக நான் மறைக்கப்போவதில்லை. புருஷனைக் காப்பாற்றத்தான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள். ஜெயரூபனுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் தூரிகையை எடுத்த விதத்தில் தெரிந்தது.

*

பதினொன்றரைக்கு அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது, விறாந்தை வாங்கில் ஷாகிரா உட்கார்ந்திருந்தாள். அப்ஹாமின் மனைவி. ஆறு மாத வயிறு. ஏறாவூரைவிட்டுத் தனியாக அசையாத பெண், வியர்த்து விறுவிறுத்துப்போய், பர்தாவின் நுனியால் முகத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னகா இஞ்ச? ஆருக்கு என்ன?" சபீனா பதறிப்போனாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல ராத்தா. உங்களக் காணத்தான் வந்த. பஸ்ஸில வந்த."

"இந்த வயித்தோடயா? ஒரு கோல் எடுத்தாக் காணாதா?"

"இது கோல்ல கதைக்கிற கதை இல்ல."

சபீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷாகிரா சுற்றி வளைக்கவில்லை.

"நாளைக்கு அவரிட்ட கேக்கப்போறீங்க, என்ன?"

"என்னத்த?"

"ராத்தா, நான் சின்னப் புள்ள இல்ல. சுத்தித் தண்ணி இரிக்கிற இடத்துக்கு எங்கள ஏன் கூப்பிடுறீங்க எண்டு எனக்கு விளங்காதா?"

பிடிபட்ட வெட்கம் சபீனாவுக்குக் கோபமாகத்தான் வந்தது. "விளங்கினா நல்லதுகா. ஓம், கேக்கத்தான் போறன். ஏழு மாசமா அவர் எனக்கு முகம் தாறாரில்ல. உள்ளுக்க கிடக்கிறது அவர்ர கூடப் பொறந்த காக்கா. இல்ல எண்டாவது ஒரு சொல்லு சொல்லட்டும், நான் வேற வழி பாக்கிறன்."

"இல்ல எண்டு சொல்ல மாட்டாரு. அதுக்குத்தான் ஓடுறாரு."

"என்னகா சொல்ற?"

ஷாகிரா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நோன்புக்கு முந்திக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் பெய்த்து ரத்தம் குடுத்துப் பாத்திட்டாரு. எனக்கும் சொல்லல்ல, வேலைக்கெண்டு சொல்லித்தான் போன. கழுவப்போட்ட சேட்டுப் பொக்கட்டுக்குள்ள பேப்பர் கிடந்துது. பொருந்துதாம் ராத்தா. நல்லாப் பொருந்துதாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்ற வார்த்தை சபீனாவின் வாயிலிருந்து தானாக வெளியே வந்துவிட்டது. கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு முழுதாக வெளியேறியது. பிறகுதான் பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் சத்தியம் வாங்கின" என்றாள் ஷாகிரா. "அல்லாஹ்மேல ஆணையாக் குடுக்க மாட்டன் எண்டு அவர்ர வாயால சொல்லவெச்ச. அண்டையிலிருந்துதான் உங்களக் கண்டா ஓடுறாரு. உங்களிட்ட இல்ல எண்டு சொல்லவும் ஏலா, எனக்குத் தந்த சத்தியத்த முறிக்கவும் ஏலா."

"ஏன்கா அப்பிடிச் செய்த?" சபீனா அவள் பக்கம் திரும்பினாள். "ஒண்டோட சீவிக்கலாம் எண்டு டொக்டர்மார் சொல்றாங்கதானே."

"டொக்டர்மார் சீமெந்து மூட்டை தூக்கிறல்ல. இவர் தூக்கிற. என்ட வாப்பா முதுகு போய்ப் படுத்துக் கிடக்காரு. ரெண்டு புள்ள, இது மூணாவது. இவருக்கு ஒண்டு ஆனா அந்த ஊட்டுல அடுப்பெரிக்க ஆரிருக்கா?" அவள் மூச்சு வாங்கினாள். "நீங்க கேட்டா அவர் ஓமெண்டு சொல்லிப்போடுவாரு. மறுகா கிட்னி குடுக்கிறதுக்கான பேப்பரில என்ட கையெழுத்தும் வேணுமாம், விசாரிச்சிட்டன். நான் போடாட்டி, காக்கா மவுத்தானா அது நான் செய்த வேலை. போட்டு இவருக்கு ஒண்டு ஆனா அதுவும் நான் செய்த வேலை. சொல்லுங்க ராத்தா, நீங்க எண்டா என்ன செய்வீங்க?"

சபீனா திருப்பிக் கேட்டாள். "இத ஏன் நீ முந்தியே வந்து எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க ஏன் வந்து என்னக் கேக்கல்ல?"



இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அன்றிலிருந்து அவனிடம் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால், பெற்ற தாயாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு வந்து, பெண்களோடு உட்கார்ந்து, மாமிக்கும் மனைவிக்கும் முதலில் சொல்லவேண்டும். றிப்ஷான் வளைகுடாவுக்குப் போவதற்குக்கூட அவனுடைய உம்மா ஒரு தட்டில் பலகாரத்தோடு வந்து, சபீனாவின் உம்மாவிடம்தான் கேட்டாள். சபீனா அன்று கதவுக்குப் பின்னால் நின்றாள். என் சம்மதம் இல்லாமல் என் புருஷனை ஒருவரும் எங்கேயும் அனுப்ப முடியாது என்பதில் அவளுக்கு எவ்வளவு பெருமை!

அதே சபீனா ஏழு மாதமாக அப்ஹாமை றோட்டில் மறித்தாள், பள்ளிவாசல் கேற்றில் மறித்தாள். ஏறாவூரில் ஷாகிராவின் வீட்டுப் படியை மட்டும் மிதிக்கவில்லை. முறை தெரியாமல் அல்ல. அங்கே போனால் முடியாது என்ற சொல்தான் கிடைக்கும் என்று அவளாகவே முடிவுகட்டி, அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள்.

"உங்கட மாப்பிள்ளைட உடம்புல ஒண்ட ஆராவது உங்களக் கேக்காம றோட்டுல வெச்சுக் கேட்டா, நீங்க விடுவீங்களா ராத்தா?"

"விட மாட்டன்" என்றாள் சபீனா. பொய் சொல்ல முடியவில்லை. "வந்து கேட்டிருந்தா நீ ஓமெண்டிருப்பியா?"

"தெரியா." ஷாகிரா அழத் தொடங்கினாள். "ஆனா என்னயும் ஒரு ஆளா மதிச்சிருப்பீங்க."

சுத்திகரிப்புப் பகுதியின் கதவு திறந்து யாரோ ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.  கதவு மூடியதும் ஷாகிரா சபீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நாங்க வாறம். புள்ளைகள் ரெண்டும் ஆசையா இரிக்கு. காக்காவோட அவர் ஒருநாள் சந்தோசமா இருந்திட்டு வரட்டும். கேக்க மாட்டன் எண்டு மட்டும் சொல்லுங்க. இந்தப் புள்ள கிடைக்கட்டும். மூணு மாசம். மறுகா எங்கட ஊட்ட வந்து கேளுங்க. உம்மாவும் நானும் இரிப்பம்."

மூன்று மாதம்! டொக்டர் தந்தது இரண்டு.

அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கவும் வேண்டும். ஆனால் ஏழு மாதம் தன்னைச் சுற்றிக்கொண்டு போனவளிடம், நியாயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவள் ஷாகிரா. அவளிடம் இன்னொரு கணக்கைத் தூக்கிக் காட்டச் சபீனாவுக்கு வாய் வரவில்லை. 

"கேக்க மாட்டன்கா" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

ஷாகிரா அவளுடைய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழும்பினாள். பஸ் நிலையம்வரை ஓட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்பது சபீனாவுக்கு உறைத்தது. தன் புருஷனுக்கு இருந்த ஒரே வழியைத் தன் வாயாலேயே பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

*

சுத்திகரிப்பு முடிந்து வரும் நாட்களில் றிப்ஷான் பிழிந்த துணி போல இருப்பான். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவான், மஃரிப் வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டான். அன்று அசர் தொழுதுவிட்டு அவனாகவே எழும்பி வந்து, சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். முப்லிஹா கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல, சபீனா பைகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாப்பாட சேட்டு எந்தக் கலர்?" என்று மகள் கேட்டாள்.

"பெருநாளைக்குப் போட்ட நீலச் சேட்டு."

"தீவுக்கு ஆராவது பெருநாள் சேட்டுப் போடுவாங்களா வாப்பா?"

"நான் போடுவன்" என்று சிரித்தான். கோழிக்கு உப்பில்லாமல் மசாலா தடவச் சொன்னவன், பிறகு மனம் மாறி, மற்றவர்களுக்கு உப்புப் போட்டே செய்யுங்கள், அப்ஹாமுக்கு உப்புக் கூடுதலாக இருந்தால்தான் இறங்கும் என்றான்.

முப்லிஹா பக்கத்து வீட்டில் பாய் வாங்கப் போனதும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சபீனா, ஒண்டு சொல்றன், சிரிக்கப்படா."

"சொல்லுங்க."

"இவ்வளவு நாளும் நான் இதப்பத்தி வாய் திறக்கல்ல. தம்பியிட்ட எப்பிடிக் கேக்கிற புள்ள? அவனுக்கும் குடும்பம் இரிக்கி. நீ கேக்கப்போற நேரமெல்லாம் நான் மற்றப் பக்கம் திரும்பிக்குவன், கண்டிருப்பாய்." இரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏற்றும் கையில் பூரித்து நிற்கும் நரம்பைத் தடவிக்கொண்டான். "ஆனா அவன் நேத்துக் கோல்ல வாறன் காக்கா எண்டு சொன்ன விதம்... ஓடுறவன் அப்பிடிச் சொல்ல மாட்டான். அவன்ட மனசு மாறிட்டுது போல. நாளைக்கு அவனாவே சொல்லுவான் எண்டு எனக்கு மனசு சொல்லுது."

சபீனா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு வாழ ஆசையா இரிக்கி புள்ள" என்றான் றிப்ஷான். "வெக்கமா இரிக்கி சொல்ல. ஆனா ஆசையா இரிக்கி."

இரண்டு வருடத்தில் அவன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாம் நாயன் விட்ட வழி என்பான், படுத்துக்கொள்வான். ஆசையே இல்லாதவனைக் காப்பாற்ற ஓடியோடிக் களைத்தவளிடம், கதவைப் பூட்டிவிட்டு வந்த அன்றைக்கா அவன் வந்து ஆசையைச் சொல்லவேண்டும்? சபீனா அழுதுவிடாமலிருக்கச் சட்டியைத் தேய்த்தாள். அது ஏற்கனவே தேய்த்த சட்டி.

மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் தொலைபேசி அடித்தது. அப்ஹாம். ஏழு மாதத்தில் அவனாக அவளுக்கு எடுத்த முதல் அழைப்பு. சபீனா கொல்லைப்பக்கம் போய், கிணற்றடியில் நின்று காதில் வைத்தாள்.

"மதினி, ஷாகிரா இண்டைக்கு உங்கள வந்து கண்டதாம். எல்லாம் சொன்னா."

"ஓம் தம்பி."

"நீங்க இனிக் கேக்க மாட்டீங்களாம். சத்தியம் பண்ணியிரிக்கிறீங்களாம்."

"ஓம்."

 மறுபக்கத்தில் இஞ்சின் சத்தம் இல்லை. அவன் எங்கோ உட்கார்ந்திருந்தான்.

"நீங்க துரத்தின மட்டும் எனக்கு ஓடலாமா இருந்திச்சி மதினி. உங்களுக்குப் பயந்துதான் ஓடுறன் எண்டு என்னயே ஏமாத்திக்கிட்டிருந்த. இனித் துரத்த ஆளில்லயெண்டு அவ சொல்லக்குள்ள எனக்குக் கை கால் விட்டுட்டுது. ஆருக்குப் பயந்து ஓடுற இனி?" என்றான். "நான் குடுக்கிறன் மதினி. மௌலவியிட்டயும் கேட்டிட்டன். பத்து ஏழையளுக்குச் சாப்பாடு குடுத்தா சத்தியம் முறிச்ச குத்தம் நீங்குமாம். அடுத்த வெள்ளிக்கிழமை குடுக்கிறன்."

சபீனா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்கவில்லை. சத்தியத்தை முறிக்கவில்லை. கேட்காமலே கிடைத்துவிட்டது. வாழ ஆசையாக இருக்கிறது என்று சொன்னவன் இனி வாழ்வான், மகளின் வயிற்றில் கத்தி படாது. சந்தோசம் உடம்பெல்லாம் ஏறியது.

"ஷாகிராவுக்குத் தெரியுமா தம்பி?"

"இல்ல. நீங்களும் சொல்லிப்போடாதீங்க. ஊட்டுல வெச்சுச் சொன்னா அவ புள்ளைகளத் தூக்கிக்கிட்டு பெரியம்மாட ஊட்ட பெய்த்திருவா. மறுகா கதவே திறக்க மாட்டா, கையெழுத்துக்கு நான் எங்க போற? நாளைக்குத் தீவுல வெச்சுச் சொல்றன். அங்க எண்டா அவ எங்கேயும் எழும்பிப் போக ஏலாதே. அஞ்சு மணி வரைக்கும் இருந்துதானே ஆகோணும். அழட்டும், ஏசட்டும், கடைசியில சம்மதிப்பா. நீங்களும் பக்கத்துல இருந்தா எனக்குப் பெலன்."

சபீனாவின் சந்தோசம் அப்படியே நின்றுபோனது. அவள் மனதில் மட்டும் வைத்திருந்த யோசனையை, எழுத்துப் பிசகாமல் அவன் சொல்லிவிட்டான். ஆள் மட்டும் வேறு. ஆறு மாத வயிற்றோடு, தண்ணீர் சூழ்ந்த இடத்தில், ஆறு மணித்தியாலம்.

"மதினி? இரிக்கிறீங்களா?"

"இரிக்கன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

உள்ளே வந்து தொழுகைப் பாயை விரித்தாள். தொழுகைக்கு நிய்யத்து வைக்க முடியாமல் அதன்மேல் சும்மா நின்றாள். அந்த நேரம் தொலைபேசியில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. ஷாகிரா.

"ராத்தா, நீங்க கேக்க மாட்டீங்க எண்டு இவரிட்ட சொல்லிட்டன். அதக் கேட்டதிலிருந்து மனிசன் ஆளே மாறிட்டாரு. புள்ளைகளோட விளையாடுறாரு, சிரிக்காரு. எத்தின மாசத்துக்குப் பிறகு இந்தச் சிரிப்பக் காணுறன் தெரியுமா? எல்லாம் உங்களால. வாறம் எண்டு உங்களிட்ட சொன்னாலும், நான் வயித்தோட வெயிலுக்குள்ள வேணாம் எண்டுதான் பஸ்ஸில யோசிச்ச, புள்ளைகள மட்டும் அனுப்புவம் எண்டு. இப்ப எனக்கும் வர ஆசையா இரிக்கி. வரட்டா ராத்தா? நீங்க இரிக்கிறீங்கதானே, எனக்கென்ன பயம்."

சபீனா அதை இரண்டு தடவை கேட்டாள். பக்கத்து அறையில் முப்லிஹா வாப்பாவின் நீலச் சேட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வராதே என்று ஒரு சொல் அனுப்பினால் போதும். வயிற்றைச் சாட்டிச் சொன்னால் ஷாகிரா ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். ஆனால் அவள் வராவிட்டால் அப்ஹாம் யாரிடம் சொல்வான், கையெழுத்தை யார் போடுவார்கள்?

அவள் தொலைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"வாகா" என்றாள். "காலம வெள்ளன வா. நான் பாத்துக்கிறன்."